பஞ்சு அண்ணன் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தினார்

பஞ்சு அண்ணன் பிரேக் போட்டால் பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறவர்களுக்கு அது தெரியவே தெரியாது. கைக்குழந்தையோடு ஏறுகிற பெண்கள்கூடக் கம்பியைப் பிடிக்காமல் நிற்பார்கள். வண்டி நின்ற பிறகுதான் ஜன்னல் வழியாகப் பார்த்து, "அட, நம்ம ஸ்டாப்பு" என்று பதறிக்கொண்டு இறங்குவார்கள். அப்படி வந்த பெயர் பஞ்சு. பெற்றவர்கள் வைத்த பெயர் டிப்போ அலுவலகத்தைத் தவிர வேறு யாருக்கும் ஞாபகம் இல்லை.

நான் அந்த வண்டியின் கண்டக்டர். என்னைப் பீப்பி என்பார்கள். விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பேசினாலும் விசில் மாதிரியே இருக்கிறதாம். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் குடியிருக்கிறது; அவருக்குக் கோபம் வந்து யாரும் பார்த்ததில்லை. குறுக்கே வந்து விழுகிறவனைக்கூட, "பாத்துப் போப்பா, வீட்ல தேடுவாங்க" என்றுதான் சொல்வார். அவருடைய மனைவியை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். "நீங்க ரெண்டு பேரும் பண்றதுதான் குடித்தனம், நான் சும்மா சோறு பொங்கறவ" என்று அண்ணி எங்களைக் கேலி செய்வார். அதில் பொய் இல்லை. விடிந்ததிலிருந்து அவருடைய பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டே பிழைக்கிறவன் நான். பசி, தூக்கம், மகளோடு சண்டை, எதுவானாலும் அந்தக் கழுத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

அந்தக் கழுத்துதான் முதலில் மாறியது.

ஒரு காலை டைம் கீப்பர் அறைக் கண்ணாடியில் புது நேரத்தை ஒட்டினார்கள். வண்டி இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய்ச் சேரவேண்டிய நேரத்தை நாங்கள் ரன்னிங் டைம் என்போம். அதைக் குறைத்துவிட்டார்கள். சாலையில் வண்டிகள் பெருகிவிட்டன, சிக்னல்கள் புதிதாக முளைத்திருக்கின்றன, பாதி ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். நேரம் மட்டும் இளைத்துவிட்டது. யாரோ ஒரு மகராசன் ஏசி அறையில் உட்கார்ந்து வரைபடத்தின் மேல் விரலை ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். விரலுக்குச் சிக்னல் கிடையாது.

முன்பெல்லாம் கடைசி ஸ்டாப்பில் இறங்கி ஒரு டீ குடித்து, ஒதுங்கிவிட்டு வந்து, கால் நீட்டி நாலு வார்த்தை பேசுவோம். அது போயிற்று. போய்ச் சேர்ந்த சூட்டோடு திருப்ப வேண்டும். தாமதமாக வந்தால் டைம் கீப்பர் ஒலிபெருக்கியில் வண்டி எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவார். பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும். அந்த அவமானத்துக்குப் பயந்து டிரைவர்கள் தங்களுக்குள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தண்ணீர் குடிக்காமல் இருப்பது. குடித்தால்தானே ஒதுங்க வேண்டும்? கொளுத்துகிற வெயிலில், பக்கத்தில் இன்ஜின் கொதிக்க, காலையிலிருந்து மாலைவரை நாக்கை நனைத்துக்கொள்வதோடு சரி. அண்ணி கொடுத்தனுப்பும் தண்ணீர் பாட்டில் அப்படியே வீடு திரும்பும். அண்ணி அதைச் செடிக்கு ஊற்றுவார்.

பஞ்சு அண்ணனின் கழுத்து மரக்கட்டையாகிவிட்டது. பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்க்க வேண்டுமென்றால் தோளோடு சேர்ந்து உடம்பே திரும்பியது. ஸ்டீரிங்கைப் பிடித்திருக்கும் விரல்கள் வெளுத்துக் கிடந்தன. சிக்னலில் நிற்கும்போது காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர்போல் ஆக்ஸிலரேட்டரை விட்டு விட்டு மிதித்தார். வயிறு எரிகிறது என்று சட்டைப்பையில் வெள்ளை மாத்திரை வைத்து மென்றார். ஒரு நாள் சைக்கிளில் வந்தவன் ஒருவனை ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி அவர் ஏசிய ஏச்சில் நானே விசிலைக் கீழே போட்டுவிட்டேன். திட்டுவது என் துறை; அவர் அதில் இறங்குவார் என்று நான் நினைத்ததே இல்லை.

விடுமுறை நாளில் மதியச் சாப்பாட்டுக்கு அவர் வீட்டுக்குப் போவேன். நான் அடுத்த தெருதான். ஒருமுறை எல்லாரும் மேஜையில் உட்கார்ந்திருந்தோம். அவர் மகள், கல்லூரியில் படிக்கிறவள், தண்ணீர்க் குவளையைச் சட்டென்று அவர் பக்கம் தள்ளினாள். மேஜைக்கு அடியில் அவருடைய வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. மேஜை குலுங்கிக் குழம்பு சிந்தியது.

"அப்பா, வீட்டுக்குள்ளயுமா பிரேக்கு?" என்று சிரித்தாள்.

"வாய மூடிட்டு சாப்பிடு!" என்று கத்தினார்.

அந்தச் சத்தம் அவருக்கே புதிது. மகள் தட்டை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனாள். அவர் எழுந்துபோய்ச் சமாதானம் சொல்லவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அன்று அவருக்குப் போகவேண்டிய இடம் எதுவும் கிடையாது.

நான் கிளம்பும்போது அண்ணி வாசல்வரை வந்தார். "தம்பி, நீங்களாவது கேளுங்க. தூக்கத்துல பல்ல நறநறன்னு கடிக்கிறாரு. எழுப்பினா, 'கெளம்பு கெளம்பு, சிக்னல் விழுந்துடுச்சு'ங்கறாரு. நான் எங்கேர்ந்து கெளம்பறது? என்னன்னு கேட்டா, ஒடம்புக்கு ஒண்ணுமில்லங்கறாரு."

கேட்டேன். எனக்கும் அதே பதில்தான். "ஒண்ணுமில்லடா. வயசு ஆவுதுல்ல?"

ஒன்றுமில்லை என்று சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு இருந்தது. டிரைவர்களுக்கு ஆண்டுதோறும் மருத்துவச் சோதனை உண்டு. பிரஷர் அளவுக்கு மேல் இருந்தால் சீட்டைவிட்டு இறக்கி, டிப்போவின் பின்பக்கம் பஸ் கழுவும் இடத்தில் போட்டுவிடுவார்கள். சம்பளத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் நேற்றுவரை ஓட்டிய வண்டியை இன்று ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு கழுவுவதென்றால், டிரைவர்களுக்கு அது செத்ததற்குச் சமம். பஞ்சு அண்ணனுக்கு உலகத்தில் தெரிந்ததும் பிடித்ததும் அந்த சீட் ஒன்றுதான். அதைவிட்டு இறக்கிவிட்டால் தான் யாரென்றே தனக்குத் தெரியாது என்று என்னிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறார். சோதனையோ நெருங்கிக்கொண்டிருந்தது.

மகள் கோபத்தை மறந்து ஒரு பிரஷர் மிஷின் வாங்கிவந்தாள். பாவம், நல்லதுக்குத்தான் செய்தாள். டிரைவர் கையில் முள்ளும் எண்ணும் காட்டும் சாமான் ஒன்றைக் கொடுத்தால் என்ன ஆகும்? சூடு ஏறினால் வண்டியை ஓரங்கட்டலாம், டீசல் குறைந்தால் நிரப்பலாம். இந்த மிஷினில் எண் ஏறினால் மிதிக்க ஒரு பெடலும் இல்லை. அதனால் அவர் மறுபடி பட்டனை அழுத்தினார். இன்னும் ஏறியது. மறுபடி அழுத்தினார். மிஷின் கோளாறு என்று அண்ணியின் கையில் கட்டிப் பார்த்தார். அண்ணிக்குச் சரியாகக் காட்டியது. மகளுக்கும் சரியாகக் காட்டியது. மறுபடி தன் கையில் கட்டினார். கடைசியில் அண்ணி மிஷினைப் பிடுங்கி அரிசி டப்பாவுக்குள் ஒளித்துவைத்தார். அவர் அதையும் மோப்பம் பிடித்து எடுத்துவிட்டார்.

டிப்போ ஓய்வறையில் ஆளாளுக்கு வைத்தியர் ஆனார்கள். பூண்டு மெல்லு, உப்பைத் தொடாதே, மூச்சை இழுத்துப் பிடி, பிடிக்காதே. நெட்டை என்று ஒரு டிரைவர் மட்டும் ஒன்றும் சொல்லாமல் அவரை ஓரமாகக் கூட்டிப்போனார். நெட்டை வருஷக்கணக்காகப் பிரஷரை மறைத்து, சோதனை வரும்போது மட்டும் வெளியில் வாங்கிய மாத்திரையைப் போட்டுத் தேறுகிறவர். அது யாருக்கும் தெரியாது என்பது அவருடைய எண்ணம். தெரியாதவர்கள் அதிகாரிகள் மட்டும்தான்.

"மொத நாள் ஒண்ணு, காலைல ஒண்ணு. டாக்டரு பாக்கறப்போ பச்சப்புள்ள கணக்கா இருக்கும்" என்று மாத்திரை அட்டையைக் கையில் திணித்தார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். தடுக்கவில்லை. இவர் சீட்டில் இருந்தால் போதும் என்றுதான் எனக்கும் இருந்தது. இவருக்குப் பதில் வேறு எவனாவது வந்து நாள் முழுக்க என்னைக் கம்பியில் மோத விடுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

சோதனை நாள் காலையில் மாத்திரை போட்ட பிறகும் வீட்டு மிஷின் அசைந்து கொடுக்கவில்லை. ஒன்று போதாது என்று இன்னொன்றையும் போட்டுக்கொண்டார். கவலையில் சாப்பாடு இறங்கவில்லை. தண்ணீர் குடிக்கிற பழக்கம் எப்போதோ போய்விட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவர் கையில் பட்டையைக் கட்டி அழுத்திப் பார்த்தபோது எண் நல்ல பிள்ளையாகக் கீழே நின்றது.

"தூக்கம் எப்படி?"

"அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவேம்மா."

"வேலைல ஏதாவது டென்ஷன்?"

"டென்ஷனா? எனக்கா?" என்று சிரித்தார். என்னைக் கைகாட்டி, "அதெல்லாம் இவன் டிபார்ட்மென்ட்" என்றார். டாக்டரம்மாவும் சிரித்துவிட்டார்.

தேறியாயிற்று. அந்தச் சந்தோஷத்தோடு நேரே வந்து சீட்டில் ஏறினார். நானும் தலைகால் புரியாமல் நீளமாக ஒரு விசில் கொடுத்தேன்.

உச்சி வெயில். வண்டியில் எள் விழ இடமில்லை. ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் ஒரு ஸ்டாப் உண்டு. நிற்கச் சொல்லி விசில் அடித்தேன். வண்டி நிற்கவில்லை. இறங்கவேண்டியவர்கள் கத்தினார்கள். மறுபடி அடித்தேன். வண்டி மெதுவாகிக்கொண்டே போய்ப் பாலத்தின் நடுவில் ஓரமாக நின்றது. எப்போதும்போலவே நின்றது, நின்றுகொண்டிருந்த ஒருவர்கூட அசையவில்லை. ஹேண்ட் பிரேக் இழுக்கும் சத்தம் கேட்டது. இன்ஜின் அணைந்தது.

நான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் ஓடினேன். "என்னண்ணே, பாலத்துல நிறுத்திட்டீங்க? ஏற்கெனவே லேட்டு!"

அவர் ஸ்டீரிங்கில் நெற்றியை வைத்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "எல்லாரையும் எறக்குடா" என்றார்.

"நடு ரோட்லயா? டைம் கீப்பரு மைக்கப் புடிச்சுக் காத்துட்டிருப்பான். மெதுவா அந்தப் பக்கம் போயிடலாம்ணே."

"கண்ணு இருட்டுது. ரோடு தெரியல. எறக்கு."

 கைப்பிடிச் சுவருக்குக் கீழே ஆறு தெரிந்தது. இத்தனை உயிரையும் வைத்துக்கொண்டு, கண் தெரியாத மனிதர் எவ்வளவு தூரம் ஓட்டி வந்தார் என்று நினைக்கவே குலை நடுங்கியது. ஜனங்களை இறக்கினேன். இறங்கியவர்கள் வாயில் வந்தபடி திட்டினார்கள். அவரை எழுப்பி நிறுத்தியதும் துணி மாதிரி என்மேல் சரிந்தார். ஒரு பெண் தன் பாட்டில் தண்ணீரை அவர் முகத்தில் தெளித்தாள், மீதியைக் குடிக்க வைத்தாள். படிக்கட்டில் உட்கார்ந்து அந்தப் பாட்டிலை ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.

சேதி போய் டிப்போ மேனேஜரின் ஜீப் வருவது தெரிந்ததும் நான் அவர் காதோடு சொன்னேன்: "பிரேக் புடிக்கல, அதான் நிறுத்தினோம்னு சொல்லிடலாம்ணே. வண்டி வொர்க் ஷாப்புக்குப் போயிடும். உங்கள யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

 மேனேஜர் இறங்கி வந்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. நான் வாயைத் திறந்தேன். அதற்குள் பஞ்சு அண்ணன் எழுந்து நின்றுவிட்டார்.

"வண்டில ஒரு கோளாறும் இல்ல சார். எனக்கு பிரஷர் இருக்கு. மாத்திரையப் போட்டு டாக்டர ஏமாத்திட்டேன்."

"யார் குடுத்தாங்க?"

"யாரும் குடுக்கல. நானே வாங்கினேன்."

அதோடு சீட் போயிற்று. அன்று மாலை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவரை ஒரு பிடி பிடித்தார். டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை, அதுவும் தண்ணீரில்லாமல் காய்ந்துபோன உடம்பில், ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் போட்டால் பிரஷர் பாதாளத்துக்குப் போகும், தலை சுற்றாமல் என்ன செய்யும் என்றார். கோபம் தணிந்தபிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"ஒருத்தன் குறுக்க பாஞ்சா உங்க நெஞ்சு படபடன்னு அடிக்குதில்ல? அது ஒடம்பு உங்களக் காப்பாத்தறதுக்குப் பண்றது. வந்துட்டுப் போயிடணும். உங்களுக்கு அது போறதுக்குள்ள அடுத்தது வந்துடுது. நாள் பூரா ரத்தம் அதே வேகத்துல ஓடுது. கழுத்து இறுகுது, வயித்துல அமிலம் ஊறுது, தூக்கம் கலையுது. தூக்கம் இல்லன்னா பொண்ணு சிரிச்சாக்கூடக் கோபம் வரும். கழுத்துக்கு ஒரு தைலம், வயித்துக்கு ஒரு மாத்திரைன்னு தனித்தனியா பாத்துட்டிருந்தீங்க. எல்லாத்துக்கும் வேர் ஒண்ணுதான். வண்டிய ஷெட்ல விட்டா இன்ஜின அணைக்கிறீங்க. உங்கள நீங்க அணைக்கிறதே இல்ல."

அவருக்கென்று அளந்து மாத்திரை கொடுத்தார். தண்ணீர் குடிக்க வேண்டும், நடக்க வேண்டும், தூங்க வேண்டும், பிரஷர் மிஷினைக் கண்ணால் பார்க்கக்கூடாது. அண்ணிக்கு அந்தக் கடைசி உத்தரவு ரொம்பப் பிடித்திருந்தது.

டிப்போவில் அவர் பட்ட பாடு வேறு. மாத்திரைத் தந்திரம் வெளியே வந்துவிட்டதால் மேனேஜர் எல்லா டிரைவர்களையும் சொல்லாமல் கொள்ளாமல் சோதனைக்கு அனுப்பினார். வரிசையாக ஆள் விழுந்தார்கள். நெட்டையும் சீட்டை இழந்து, ரப்பர் பூட்ஸோடு பஞ்சு அண்ணனின் பக்கத்திலேயே வந்து நின்றார். பல நாள் முகம்கொடுத்துப் பேசவில்லை. வண்டியைக் கழுவுகிற சாக்கில் குழாயை இவர் பக்கம் திருப்பித் தலையோடு நனைத்துவிடுவார். மற்றவர்கள் கேட்டைத் தாண்டும்போது வேண்டுமென்றே ஹாரன் அடித்துவிட்டுப் போனார்கள். அவர் தலை நிமிராமல் சக்கரத்தைத் தேய்த்துக்கொண்டிருப்பார். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மேலிடமும் சும்மா இருக்கவில்லை. ஓய்வறைச் சுவரில் சிரிக்கிற மனிதர் படம் போட்டு, 'மன அழுத்தத்தைத் தவிர்ப்போம்' என்று பெரிதாக ஒரு போஸ்டர் ஒட்டினார்கள். ரன்னிங் டைமைத் தொடவில்லை. போஸ்டரை நின்று படிக்க எங்களில் யாருக்கும் நேரம் இல்லை.

எனக்கு வந்த புது டிரைவர் பிரேக் போட்டால் பின் சீட்டு ஆள் முன் சீட்டுக்கு வந்துவிடுவான். நாள் முழுக்கப் பயணிகளுக்கும் எனக்கும் சண்டை, எனக்கும் அவனுக்கும் சண்டை, வீட்டுக்குப் போனால் வீட்டில் சண்டை. எல்லாவற்றையும் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டேன். பஞ்சு அண்ணன் திரும்பி வந்துவிடுவார் என்ற ஒரே நினைப்புதான். மறு சோதனைக்கு நானே உடன் போனேன். ஒரு டிரிப்புக்கும் அடுத்த டிரிப்புக்கும் நடுவில், வண்டியை ஆஸ்பத்திரி வாசலோரம் நிறுத்தச் சொல்லிவிட்டு, அரக்கப் பரக்க ஓடினேன்.

அண்ணன் கொஞ்சம் கறுத்திருந்தார். ஆனால் முகம் தெளிந்திருந்தது. டாக்டரம்மா பட்டையைக் கட்டிப் பார்த்தார்.

"ரொம்ப நல்லா இருக்கு. நாளைக்கே சீட்ல ஏறலாம்" என்றார்.

நான் கைதட்டியேவிட்டேன். சான்று எழுதுவதற்கு முன் வழக்கப்படி இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா மறுபடி பட்டனை அழுத்தினார். எண் ஏறியது. நின்றுவிடும் என்று பார்த்தேன். ஏறிக்கொண்டே போனது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"பரவால்ல, சந்தோஷத்துலயும் ஏறும். கொஞ்சம் உக்காருங்க, பொறுத்துப் பாக்கலாம்" என்றார் டாக்டரம்மா.

பஞ்சு அண்ணன் தலையை ஆட்டினார். "சந்தோஷம் இல்லம்மா. பயம். சீட்டுன்னு நீங்க சொன்னதும் பாலம்தான் கண்ணு முன்னால வந்துச்சு. பின்னால அத்தன பேரு." கையில் கட்டியிருந்த பட்டையைத் தொட்டுப் பார்த்தார். "அந்த டைமும் அப்படியேதான் இருக்கு. இன்னும் கொஞ்ச நாளைக்கு நான் வண்டி கழுவறேம்மா."

எனக்குத் தலை வெடித்தது. "என்ன பேசறீங்கண்ணே? தேறிட்டீங்க! ஏறுன்னு சொல்றாங்க, மாட்டேங்கறீங்க! உங்களுக்காகத்தான் நான் இவ்வளவு நாளா அந்தக் கிறுக்கனோட மாரடிச்சுக்கிட்டு, தூங்காம, திங்காம..." ஆஸ்பத்திரி என்பதே மறந்துபோயிற்று. நடைவழியில் போனவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். தோல் பை கையில் நிற்காமல் நடுங்கியது. நெஞ்சு அடிக்கிற சத்தம் என் காதுக்குள்ளேயே கேட்டது. மேலே பேச மூச்சு வரவில்லை.

டாக்டரம்மா இப்போது அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஞ்சு அண்ணனும்தான். அவர் தன் கையிலிருந்த பட்டையைத் தானே கழற்றினார். எழுந்து, நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டார்.

"உக்காருடா."

"எனக்கென்ன? நான் நல்லாத்தான் இருக்கேன்."

"உக்காரு."

வாசலில் புது டிரைவர் ஹாரனை விடாமல் அமுக்க ஆரம்பித்திருந்தான். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். "நேரமாச்சு. வண்டி நிக்குதுண்ணே."

"நிக்கட்டும்" என்றார்.

நான் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்தேன்.